சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்

கவிதையும் விமர்சனமும் வருகிற இந்தப் பக்கங்களில் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைப் பற்றி எழுத வருவதற்கு நான் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். சிக்கனம் என்ற சொல்லை நம்மவர்கள் அளவுக்குச் செலவழித்தவர்கள் தமிழில் வேறு யாருமில்லை. ஒரு கவிதை நன்றாக இருக்கிறது என்று சொல்ல நம்மிடம் இருக்கிற சொற்களில் பாதிக்கு மேல், அதில் என்ன இல்லை என்பதைச் சொல்கிற சொற்கள். அடைமொழி இல்லை, ஓசை இல்லை, உபதேசம் இல்லை, கண்ணீர் இல்லை. இந்த இல்லைகளைக் கூட்டினால் கவிதை வந்துவிடும் என்று ஒரு தலைமுறையை நம்பவைத்திருக்கிறோம். நம்மைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத சிலர், ஏறக்குறைய இதே நம்பிக்கையோடு, இருபது வருஷங்களாக வேறொரு துறையில் ஒரு காரியம் செய்து வருகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்கு நம் முகம் கொஞ்சம் தெரிந்தது.

தொடக்கம் ஒரு நண்பரின் அறை. கவிஞர். பெயர் வேண்டாம்; வரிகளைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டவர் என்றால் உங்களுக்குத் தெரியும். சென்ற மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் தன் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். கறுப்புத் திரை. உச்சியில் ஒரு மெல்லிய பட்டை. அதன் இடது கோடியில் 1 முதல் 9 வரை எண்கள், வலது கோடியில் மணி. படங்கள் கிடையாது, மெனு கிடையாது, ஜன்னலை மூட ஒரு பெருக்கல் குறிகூடக் கிடையாது. 'இதுல தேவையில்லாதது ஒண்ணு இருக்கா, சொல்லுங்க பார்க்கலாம்' என்றார். தன் கவிதையைப் படித்துக் காட்டிவிட்டு நிமிரும்போது இருக்கிற அதே முகம். அந்தப் புரோகிராமின் பெயர் டி.டபிள்யூ.எம். அன்றிரவே என் பழைய லேப்டாப்பிலும் போட்டுக்கொண்டேன். எட்டு மாதமாக அதில்தான் எழுதுகிறேன். ஆகவே கீழே சொல்வது வெளியே நின்று சொல்வதல்ல.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. திரையில் தெரிகிற ஒவ்வொரு ஜன்னலின் உள்ளடக்கமும் ஏதோ ஒரு புரோகிராமின் வேலை. அந்த ஜன்னல் எங்கே நிற்பது, எவ்வளவு இடம் எடுத்துக்கொள்வது, எது முன்னால், எது பின்னால், இப்போது தட்டுகிற எழுத்து யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இன்னொன்று. அதற்கு விண்டோ மானேஜர் என்று பெயர். (சாளர மேலாளர் என்று இப்போது எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஜன்னல். மானேஜர் என்ற சொல்லோ நான் நாள் முழுக்கக் கேட்பது. தான் எந்தக் கவுண்டரிலும் உட்காராமல் யார் எந்தக் கவுண்டரில் என்று மட்டும் சொல்பவர் என்ற அர்த்தத்தில், பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.) தானாக எதையும் சிருஷ்டிக்காமல், பிறர் சிருஷ்டித்ததற்கு இடம் ஒதுக்குவதையே காரியமாகக் கொண்ட ஜீவன் அது. பத்திரிகாசிரியன் என்றோ விமர்சகன் என்றோ படித்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

விண்டோஸிலும் ஆப்பிளிலும் இந்த மானேஜர் கூடவே வருகிறார், மாற்ற முடியாது. மாற்றுவது சாத்தியமானது எக்ஸ் விண்டோ சிஸ்டத்தில். 1984இல் எம்.ஐ.டி.யில் பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் உருவாக்கத் தொடங்கியது அது. 1987 செப்டம்பரில் வெளியான அதன் 11ஆம் பதிப்பின் விதிமுறைதான் இன்றும் எக்ஸ் என்ற பெயரில் ஓடுகிறது. வசதியைச் செய்து தருவோம், எப்படி வாழ வேண்டும் என்று சொல்ல மாட்டோம் என்பது அவர்கள் எடுத்த முடிவு. ஒரு புரோகிராம் தன் ஜன்னலைத் திரையில் காட்டச் சொல்லிக் கேட்டால், எக்ஸ் அந்த வேண்டுகோளைத் தானே நிறைவேற்றாமல் மானேஜரிடம் தள்ளிவிடும். அந்த அதிகாரத்தை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் வைத்துக்கொள்ளலாம். மற்றபடி அதுவும் ஒரு சாதாரணப் புரோகிராம்தான். அது செத்துப்போனாலும் ஜன்னல்கள் சாவதில்லை. வேறொன்று வந்து பொறுப்பேற்றுக்கொள்ளலாம். மானேஜர் மாற்றலாகிப் போவதால் யாருடைய கணக்கும் மூடப்படுவதில்லையல்லவா, அது மாதிரி.

இந்த ஏற்பாட்டினால் விண்டோ மானேஜர் என்பது ஒரு தனிமனிதன் ஆபீஸ் விட்டு வந்து சாயங்காலங்களில் எழுதி முடிக்கக்கூடிய வடிவமாயிற்று. சிறுகதை மாதிரி. எழுதினார்கள். 1987இல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் என்பவர் ஒன்று எழுதித் தன் பெயரின் முதலெழுத்தையே அதற்கு வைத்தார். (அதன் சுருக்கப் பெயரையும் நண்பர் காட்டியதன் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நம் டகரத்தின் உபயம்.) ஷான் பெட்ஸ் எழுதியதற்கு எலிப் பாஷாணம் என்று அர்த்தம் வருகிற பெயர்: ராட்பாய்ஸன். மௌஸைக் கொல்வது அதன் லட்சியம். ஒரு ஜன்னல் திரை முழுக்க நிற்கும், அவ்வளவுதான். 2006இல் ஜெர்மானியரான அன்செல்ம் கார்பே டி.டபிள்யூ.எம்.மைத் தொடங்கினார். 2007இல் ஹாஸ்கெல் மொழியில் எக்ஸ்மொனாட். 2009இல் மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க்கின் ஐ3. நிக் வெல்ஷ் எழுதிய டைனிடபிள்யூஎம் சுமார் ஐம்பது வரிகள்தான். ஒரே பக்கத்தில் அச்சடிக்கலாம்.

இவற்றில் பலவும் ஒரு விஷயத்தில் விண்டோஸோடு முரண்படுகின்றன. ஜன்னல் மேல் ஜன்னல் வருவதை இவை விரும்புவதில்லை. திரையைத் தரை மாதிரி எடுத்துக்கொண்டு ஓடு பதிப்பதைப்போல் ஜன்னல்களைப் பதிக்கின்றன. இது நாளைய புரட்சி ஒன்றுமில்லை. 1985 நவம்பரில் வெளியான விண்டோஸின் முதல் பதிப்பே அப்படித்தான் இருந்தது. 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. எழுத்துமேஜை என்கிற உருவகம் ஜெயித்துவிட்டது. அது பொய்யான உருவகம் என்று நான் சொல்ல மாட்டேன். என் மேஜையே அப்படித்தான் இருக்கிறது. ஒரு விண்ணப்பத்தின் மேல் இன்னொரு விண்ணப்பம் வந்து விழுந்ததும் கீழே இருப்பது இல்லாததாகிவிடுகிறது. அதைக் கொடுத்த பெரியவர் மட்டும் எதிர் பெஞ்சில் இருக்கிறார். ஓடு பதித்த திரையில் இந்த மறைத்தல் நடக்காது. புதிதாக ஒன்று வரவேண்டுமானால் இருப்பவை கண்ணெதிரே ஒடுங்க வேண்டும். ஆறாவது ஜன்னலைத் திறக்கும்போது மற்ற ஐந்தும் என்ன விலை கொடுக்கின்றன என்பது தெரிகிறது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது, இன்றும் பிடித்திருக்கிறது.

டி.டபிள்யூ.எம். இதற்கு மேலும் ஒரு படி போகிறது. திரையின் இடது பக்கம் நூற்றுக்கு 55 பங்கை ஒரே ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டு, மற்றவற்றையெல்லாம் வலது பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குகிறது. எத்தனை திறந்தாலும் சரி, முக்கியமானது ஒன்றுதான். வலப்பக்கத்தில் ஒடுங்கியிருப்பதை ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பெரிய இடத்துக்குக் கொண்டுவரலாம். உடனே அங்கிருந்தது கீழிறங்கும். இது வெறும் ஏற்பாடல்ல, ஒரு தீர்ப்பு. எது இப்போது முக்கியம் என்று ஒவ்வொரு தடவையும் என்னைச் சொல்ல வைக்கிறது. நம் விமர்சகர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் தவிர்த்துவந்த காரியம்.

புரோகிராமையே படித்தும் பார்த்தேன். இரண்டாயிரம் வரிகளைத் தாண்டுவதில்லை என்று அதை எழுதுகிறவர்கள் தங்களுக்கே விதித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இங்கிலீஷ் பி.ஏ.; சி மொழி அரைகுறையாகக் கற்றது. இருந்தும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக முடிந்தது. செயற்கூறுகள் அகராதி வரிசையில் நிற்கின்றன, நிகண்டு மாதிரி. நிறம் மாற்ற வேண்டுமா, விசை மாற்ற வேண்டுமா, ஒரு சிறு கோப்பில் சி மொழியிலேயே திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்துகொள்ள வேண்டும். தான் குடியிருக்கிற வீட்டின் கட்டுமானத்தைக் கடைசிச் செங்கல்வரை ஒருவன் படித்துவிடலாம் என்பது சாதாரண விஷயமல்ல. நான் வேலை பார்க்கிற இடத்தின் கம்ப்யூட்டரில் என்ன நடக்கிறது என்பது அதைப் பழுது பார்க்க வருகிறவருக்கே தெரியாது.

இவ்வளவும் பாராட்டு. இனி சண்டை.

மௌனியைப் பற்றிச் சில குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தேன். கோப்புக்கு 'மௌனி' என்றே பெயர் வைத்தேன். எந்த ஜன்னலில் வேலை செய்கிறோமோ அதன் தலைப்பை டி.டபிள்யூ.எம். மேல்பட்டையில் எழுதிக் காட்டும். காட்டியது. மகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு அதற்குப் பின்னால் நின்றது. முதலில் அனாதையாக ஒரு ம, அப்புறம் கொம்பும் அதன் ஜோடி உறுப்பும். ஜன்னலுக்குள்ளே பெயர் சரியாக இருந்தது. மேலே பட்டையில் மட்டும் இந்த அலங்கோலம். 'புதுமைப்பித்தன்' என்று வேறொரு கோப்பைத் திறந்து பார்த்தேன். பு, து இரண்டுமே உருவாகவில்லை. பகரமும் தகரமும் தனியாக, உகரக் குறிகள் தனியாக. ஐகாரக் குறி மகரத்தைத் தாண்டி வந்து எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றது.

காரணம் சுலபமானது. யூனிகோடில் தமிழ் உச்சரிப்பின் வரிசைப்படி சேமிக்கப்படுகிறது: முதலில் மெய், பிறகு உயிரின் குறி. கண்ணுக்குக் காட்டும்போது சில குறிகளை முன்னால் கொண்டுவர வேண்டும், சிலவற்றை எழுத்தோடு பிணைத்து வேறு உருவமாக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யவென்றே ஹார்ஃப்பஸ் என்று ஒன்று இருக்கிறது. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்ற ஈரானியரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது, பெயரே பாரசீகம். ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆபீஸும் தமிழை ஒழுங்காகக் காட்டுவது அதன் தயவில். டி.டபிள்யூ.எம். அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எக்ஸ்எஃப்டி என்கிற மெல்லிய நூலகத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. அது ஒரு குறியீட்டுக்கு ஓர் உருவம் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போகும். இங்கிலீஷுக்கு அதற்கு மேல் வேண்டாம். ஜெர்மனுக்கும் வேண்டாம். இதே கூட்டத்தார் எழுதிய எஸ்.டி. என்ற டெர்மினலிலும் இதே கதிதான்.

ஆக, அந்த இரண்டாயிரம் வரி யாருடைய கணக்குப்படி போதுமானது? தன் எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக முத்துக் கோத்தாற்போல் நிற்கும் என்று பிறப்பிலேயே தெரிந்துகொண்டவன் கணக்குப்படி. கொம்பை முன்னால் கொண்டுவருகிற காரியம் அவன் பார்வையில் கொழுப்பு. எனக்கு அது எலும்பு. தேவையற்றது ஒன்று இருக்கிறதா என்று நண்பர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி தேவையானது எல்லாம் இருக்கிறதா என்பது. அதை எட்டு மாதமாக அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தமிழில் கவிதை எழுதுகிற அவர் தன் கோப்புகளுக்கெல்லாம் இங்கிலீஷில் பெயர் வைத்திருக்கிறார் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். என் கோப்புகளுக்கும் முக்கால்வாசி அப்படித்தான். வசதிக்காக என்று சொல்லிக்கொள்வோம். யாருடைய வசதிக்கு நாம் வளைந்துகொடுத்திருக்கிறோம் என்பதுதான் விஷயம்.

இந்த இடத்தில் பவணந்தியிடம் போவது பண்டிதத்தனம் ஆகாது. நன்னூலில் நூலுக்கு அழகு பத்து என்று சொல்கிற இடத்தில் முதலாவது சுருங்கச் சொல்லல். குற்றம் பத்து என்கிற இடத்திலும் முதலாவது வருவது அதன் நிழல்: குன்றக் கூறல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒரு சமண ஆசிரியர் இரண்டையும் இரண்டு பட்டியல்களின் தலையில் வைத்தார். வரிகளை எண்ணிப் பார்த்து இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. இரண்டுமே குறைவான வரிகள்தான். சொல்ல வந்த பொருள் எவ்வளவு என்பது தெரிந்தால்தான் இது அழகா, குற்றமா என்று தீர்ப்புச் சொல்லலாம். நாம் பொருளை விட்டுவிட்டு வரிகளை எண்ணப் பழகிவிட்டோம். எஸ்ரா பவுண்ட் பாரிஸ் மெட்ரோ ஸ்டேஷனில் பார்த்த முகங்களைப் பற்றி முதலில் முப்பது வரி எழுதிக் கிழித்துப்போட்டார். ஆறு மாதம் கழித்துப் பாதி நீளத்தில் மறுபடி. ஒரு வருஷத்துக்கு அப்புறம்தான் அந்த இரண்டு வரி வந்தது, அச்சானது 1913இல். நம்மவர்கள் அந்த இரண்டு வரியை மட்டும் கற்றுக்கொண்டார்கள். கிழித்துப்போட எழுதிய முப்பது வரி யாரிடமும் கிடையாது.

ஈய எழுத்துக் கோத்த அச்சகங்களை இந்தப் பத்திரிகையின் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே இந்தப் பிரச்னையே இருக்கவில்லை. கம்பாசிட்டர் அறையிலிருந்து முதலில் கொம்பை எடுத்து வைப்பார், பிறகு மகரம். தமிழ் டைப்ரைட்டரிலும் கொம்பைத் தட்டிவிட்டுத்தான் எழுத்தைத் தட்ட வேண்டும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது ணா, றா, லை, னை போன்றவற்றின் பழைய உருவங்கள் போயின. கொம்பு மட்டும் தன் இடத்தை விட்டு நகரவில்லை. உச்சரிப்பின் வரிசைக்கும் கண்ணின் வரிசைக்கும் நடுவிலிருந்த இடைவெளியை அந்தக் கம்பாசிட்டரின் விரல்கள் கடந்துகொண்டிருந்தன. இப்போது அதை ஹார்ஃப்பஸ் கடக்கிறது. வேலை எங்கும் மறைந்துவிடவில்லை, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிருக்கிறது. அந்தக் கையை வேண்டாமென்று வெட்டிவிட்டு, பார், எவ்வளவு இலேசாக இருக்கிறது என்று காட்டுவது எனக்குச் சிக்கனமாகத் தெரியவில்லை.

வங்கியில் இருப்பவனுக்கு இந்த மாதிரிக் கணக்கு பழக்கமானதுதான். கடனை வேறொரு லெட்ஜரில் எழுதினால் இந்த லெட்ஜர் சுத்தமாகத்தான் இருக்கும். இரண்டாயிரம் வரிக்குள் அடங்காத வசதிகள் டி.டபிள்யூ.எம்.மில் ஒட்டுகளாக வெளியே கிடக்கின்றன. வேண்டியவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் பிரதியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு ஒட்டுகள் ஒன்றோடொன்று மோதினால் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்தும் பண்ண வேண்டும். நானே நான்கு ஒட்டியிருக்கிறேன். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் ஒத்துவராமல் ஒரு விடுமுறை நாள் முழுதும் போயிற்று. அந்த வரிகள் எந்தக் கூட்டலிலும் வருவதில்லை. இதைவிடப் பெரிய கடன் எக்ஸ். டி.டபிள்யூ.எம். சின்னதாக இருக்க முடிவதே, திரை, விசைப்பலகை, மௌஸ் ஆகியவற்றோடு மல்லுக்கட்டுகிற வேலையைப் பல லட்சம் வரிகளில் எக்ஸ் கீழே நின்று செய்துகொண்டிருப்பதால்தான். ஆபரணத்தை எதிர்த்து எழுதிய அடால்ஃப் லூஸ் 1930இல் ப்ராக் நகரில் கட்டி முடித்த முல்லர் வீட்டின் வெளிச்சுவர் வெறும் வெள்ளை. உள்ளே போனால் சலவைக்கல்.

அந்தக் கடனை இப்போது திருப்பிக் கேட்கிறார்கள். 2008இல் கிறிஸ்டியன் ஹோய்க்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்ட் எக்ஸின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. பெரிய லினக்ஸ் தொகுப்புகள் பலவும் அதைத்தான் முதலில் தருகின்றன. அதில் எக்ஸுக்கும் மானேஜருக்கும் இடையிலிருந்த சுவர் கிடையாது. இருவரும் ஒரே புரோகிராம். அது விழுந்தால் ஜன்னல்களும் சாதாரணமாகக் கூடவே விழும். மானேஜர் எழுத நினைக்கிறவன் இனி அஸ்திவாரத்தையும் போட வேண்டும், அல்லது டபிள்யூஎல்ரூட்ஸ் போன்ற ஒரு நூலகத்தை வாங்கி அதன் மேல் கட்ட வேண்டும். டி.டபிள்யூ.எம்.மின் மாதிரியில் வேலேண்டுக்கும் டி.டபிள்யூ.எல். என்று ஒன்று அப்படி எழுதியிருக்கிறார்கள், அதுவும் சின்னதுதான். ஆனால் சாயங்காலங்களில் ஐம்பது வரியில் எழுதி முடிக்கிற அந்தப் பழைய வடிவத்துக்கு இடம் குறைந்துவருகிறது. இதில் எனக்கு வருத்தம் உண்டு; சண்டை போடுகிறவனுக்கும் வருத்தம் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. சி மொழியில் திருத்திக் கம்பைல் செய்தால்தான் அமைப்பை மாற்றலாம் என்று வைத்ததற்கு ஒரு காரணத்தைத் தங்கள் அறிமுகத்திலேயே எழுதி வைத்தார்கள்: இதனால் உபயோகிப்பவர்களின் வட்டம் சிறியதாகவும் மேலானதாகவும் இருக்கும், கற்றுக்குட்டிகள் வந்து முட்டாள்தனமான கேள்விகள் கேட்கமாட்டார்கள். பாதி வேடிக்கையாக எழுதியதாக இருக்கலாம். மீதிப் பாதி எனக்கு மிகவும் பரிச்சயமானது. சில நூறு பிரதிகளைத் தாண்டாததை ஒரு விபத்தாகவோ வறுமையாகவோ சொல்லாமல் ஒரு தகுதியாகச் சொல்லிக்கொள்ள நாமும் கற்றிருக்கிறோம். புரியவில்லை என்று ஒருவன் கடிதம் எழுதினால் அவனுக்குப் பக்குவம் போதாது என்கிறோம். சில சமயம் உண்மையிலேயே போதாதுதான். ஆனால் எழுதியதில் கொம்பு இடம் மாறி நிற்கிறதா என்று நாம் திரும்பிப் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. என் பழைய கட்டுரைகள் இரண்டைப் போன வாரம் எடுத்துப் படித்தேன். ஒன்றில் மேற்கோள் காட்ட வேண்டிய இடத்தில் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்திருக்கிறேன். தெரிந்தவனுக்குத் தெரியும் என்ற தோரணை. தெரிந்தவனுக்காக எதற்குக் கட்டுரை?

ஐ3யைப் பற்றி நண்பர்கள் கொஞ்சம் அலட்சியமாகப் பேசுகிறார்கள். டி.டபிள்யூ.எம்.மை விடப் பன்மடங்கு பெரியது. அதனால் கெட்டுப்போனது என்பது வாதம். நான் தம்பியின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஜன்னல்களை ஒரு மரம்போல் கிளை கிளையாக வைத்துக்கொள்கிறது. எப்படிப் பிரிப்பது என்பதை என்னிடம் விடுகிறது. டி.டபிள்யூ.எம்.மின் அந்தத் தீர்ப்பு இதில் இல்லை, அது ஒரு குறைதான். அமைப்பு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கிறது. கம்பைல் செய்ய வேண்டியதில்லை. கூடவே வருகிற கையேட்டில், முதல் நாள் உட்காருகிறவனை மனத்தில் வைத்து, எந்த விசை என்ன செய்யும் என்பதில் தொடங்கிப் படிப்படியாக எழுதியிருக்கிறது. இதுவும் தேர்ந்தவர்களுக்கென்றே செய்ததுதான், அதை மறைக்கவுமில்லை. ஆனால் தேர்ந்தவன் ஆவதற்கு வழி போட்டிருக்கிறது. பவணந்தியின் பட்டியலில் சுருங்கச் சொல்லலுக்கு அடுத்தது விளங்க வைத்தல் என்பதை இங்கே ஞாபகப்படுத்துகிறேன். அப்புறம், எழுத்துகளை வரைய ஐ3 பாங்கோவை வைத்துக்கொண்டிருக்கிறது. பாங்கோவுக்கு அடியில் ஹார்ஃப்பஸ். 'மௌனி' என்று கோப்பைத் திறந்தேன். தலைப்பில் மௌனி மௌனியாகவே இருந்தார்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அப்ப கவிதைல அடைமொழி வேணும்கறீங்க' என்றார். நான் அதைச் சொல்லவில்லை. பெரியதாக இரு என்பதல்ல என் கட்சி. ஐம்பது வரி டைனிடபிள்யூஎம் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது. ஆல்ட் விசையோடு மௌஸைப் பிடித்தால் ஜன்னலை நகர்த்தும், அளவை மாற்றும், இன்னொரு விசையில் மேலே தூக்கும். பட்டை இல்லை, தலைப்பு இல்லை, ஓர் எழுத்தைக்கூட அது வரைவதில்லை. எழுத்தே வரையாதவன் எந்த மொழிக்கும் துரோகம் செய்வதில்லை. தலைப்புகளைக் காட்டுகிறேன் என்று டி.டபிள்யூ.எம். ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டு அதைத் தன் பாஷைக்காரர்களுக்கு மட்டும் நிறைவேற்றியது. அதன் மேல் என் குற்றச்சாட்டு அது சின்னது என்பதல்ல, அது ஒரு பட்டையளவு பெரியது என்பதுதான். ஒன்று அந்தப் பட்டை இருக்கக்கூடாது, அல்லது அதில் எழுதுகிற எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும். கவிதையிலும் அப்படித்தான் என்று நான் சொல்லப்போனபோது அவர் காப்பி போட எழுந்துபோய்விட்டார்.

ஐ3க்கு மாறுவதாக உத்தேசம் இல்லை. 55 பங்கு எனக்குப் பழகிவிட்டது. ஆல்ட்டோடு பி அழுத்தினால் பட்டை மறையும். ஆனால் மறுநாள் திறந்தால் மறுபடி வந்து நிற்கும். ஆகவே அமைப்புக் கோப்பில் பட்டையைக் காட்டு என்றிருக்கிற வரியைத் தேடி, 1 என்பதை 0 ஆக்கிக் கம்பைல் செய்துகொண்டேன். கோப்புகளின் பெயர்களையெல்லாம் தமிழுக்கு மாற்றிவிட்டேன். மேலே ஒன்றுமில்லாத திரையில் இந்தக் கட்டுரையை எழுதினேன். பட்டையோடு மணியும் போய்விட்டது. நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய்ச் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். காலையில் கவுண்டர் திறக்க வேண்டும்.